முப்பத்தொன்றாவது மாடி

தோஹா, வெஸ்ட் பே. திங்கட்கிழமை.
கூட்டத்தில் என் முறை வந்தபோது
கண்ணாடிக்கு வெளியே
முதலில் ஒரு வாளி இறங்கியது,
பிறகு தேய்ந்த பூட்ஸ்,
பிறகு மிக்கேல் அத்தான்.

ஏஜெண்டுக்குக் கட்ட
அக்காவின் சங்கிலியை அடகு வைத்தவர்.
என் முதல் டையை
செல்போனில் பார்த்துப் பார்த்துத்
தன் கழுத்தில் கட்டிப் பழகி
முடிச்சு அவிழாமல்
என் தலைவழியே மாட்டிவிட்டவர்.

வெளியிலிருந்து பார்த்தால் அந்தக் கண்ணாடி வெறும் வானம்,
நடுவில் துடைப்பவரின் முகம்.
என்னைத் தெரியாது.
அது எனக்குத் தெரியும்.

இருந்தும் எழுந்துபோய்
வெயில் கூசுகிறது என்று சொல்லித்
திரையை இறக்கினேன்.
ஊர் வாசம் போகக் கழுவிய ஆங்கிலத்தில்.
மீதிக் கணக்கையும் வாசித்தேன், கை தட்டினார்கள்.
திரையில் ஒரு நிழல்
மேலிருந்து கீழ்,
மேலிருந்து கீழ்.

வெள்ளிக்கிழமை, இண்டஸ்ட்ரியல் ஏரியா,
எட்டுக் கட்டில் அறை.
சோற்றைப் பார்த்ததும் என் கை கரண்டி தேடியது.
அத்தான் பக்கத்து அறையில் ஒன்று வாங்கிவந்து
கழுவி, பனியனில் துடைத்துக் கொடுத்தார்.

"திங்கக்கிழம ஒன் பில்டிங்தான் மாப்ள.
எந்தச் சன்னல் ஒன்னோடதுன்னு தெரியல.
அதான் அந்த மாடி முழுக்க
ரெண்டு தடவ தொடச்சேன்."

குழம்பு நல்லாருக்கு என்றேன்.

ஒரு வாய் அள்ளிப் போட்டவர்
மென்றபடி சொன்னார்:
"உப்பே போடலயேடா."