கேட்காதவன் கையெழுத்து

அளந்துபோனபோது இறால் பண்ணை என்றார்கள்.
பிறகு காற்றாலை என்றார்கள்.
மூன்றாம் வருஷம் முள்கம்பிக்குள்
வெள்ளையாக ஒன்று எழும்பி நின்றது,
வேகவைத்து உரித்த முட்டை போல.
அதற்குள் என்ன என்று கேட்டதற்கு
தாசில்தார் ஜீப்பின் டிரைவர்
தன் காதைத் தொட்டுக் காட்டினார்.
எந்த தேசத்துக் காது என்று
பலகையில் எழுதவில்லை.

எங்களுடையது கடைமடை.
மேட்டூரில் திறந்த தண்ணீர்
மதகு மதகாகக் கைமாறி
இங்கே வந்துசேர்வதற்குள் ஆடி போய்விடும்.
அரிச்சந்திரா நதியில் தேங்கியதை
ஆயில் என்ஜின் வைத்து மேட்டுக்கு இறைப்போம்.
என்ஜின் இருமும்.
அப்போது என்னைக் கூப்பிடுவார்கள்.

எடுத்த எடுப்பில் திறந்து பார்க்கிறவன் இல்லை நான்.
திருப்புளியின் முனையை இரும்பில் ஊன்றி
கைப்பிடியைக் காதுக்குழியில் வைத்து
கண்ணை மூடிக்கொள்வேன்.
டாப்பெட் என்றால் சலங்கை.
நாசில் என்றால் விக்கல்.
பேரிங் போகிறதென்றால்
பக்கத்து வீட்டுக் கதவை யாரோ தட்டுவது போல,
அவசரமில்லாமல்.

முட்டைக்குப் பின்னால் அவர்களுக்கு ஒரு ஜெனரேட்டர்.
லாரி அளவு. ராப்பகலாக ஓடும்.
செகதாம்பாள் வயலுக்கு நீர் ஏறுகிறதா என்று
வரப்பில் குந்தியிருந்த ஒரு புரட்டாசி ராத்திரி
கம்பிக்கு அந்தப் பக்கமிருந்து
அந்தத் தட்டல் கேட்டது.

காலையில் கேட்டில் நின்ற தெய்வசிகாமணியிடம்
(ஒரத்தநாட்டுப் பையன், காண்ட்ராக்ட் காவல்)
சொன்னேன்: தம்பி, வியாழக்கிழமையைத் தாண்டாது.
சிரித்தான்.

புதன் நள்ளிரவில்
முட்டையின் உச்சியில் இருந்த சிவப்பு விளக்கு அணைந்தது.
வியாழன் விடிந்ததும் ஜீப்.
கமாலுதீன் கடை டீயைப் பாதியில் வைத்துவிட்டுப் போனேன்.

ஏசி அறை. முழங்கால் வலித்தது.
செம்பட்டை மீசைக்காரர் என்னவோ கேட்டார்.
பக்கத்தில் இருந்த பெண்,
கொழும்புப் பக்கத்துத் தமிழ், மரியாதையான தமிழ்,
"உங்களுக்கு இதை யார் சொன்னது?" என்றார்.
காது, என்றேன்.
"என்ன கருவியால் கேட்டீர்கள்?"
காது.
"எவ்வளவு காலமாகக் கேட்டு வருகிறீர்கள்?"
பதினாலு வயசிலிருந்து.
மீசைக்காரர் அதை எழுதிக்கொண்டார்.

கடல் தாண்டி எவன் தும்மினாலும் கேட்கிறவர்கள்,
ஆறுகாட்டுத்துறை விசைப்படகில் ஒருவன்
வயர்லெஸ்ஸில் மச்சானைத் திட்டினால்
அதையும் தாளில் இறக்குகிறவர்கள்,
தங்கள் முதுகுக்குப் பின்னால் தட்டியதைக் கேட்கவில்லை.
இதை நான் சொல்லவில்லை.
சொல்லியிருக்கலாம்.
அறை ரொம்பக் குளிராக இருந்தது.

கடைசியில் ஒரு தாள் வந்தது.
இங்கே எதையும் நான் கேட்டதில்லை,
இனியும் கேட்க மாட்டேன் என்று அதில் இருப்பதாக
அந்தப் பெண் வாசித்துச் சொன்னார்.
கேட்காமல் இருப்பது எப்படி என்று கேட்டேன்.
அதை மட்டும் அவர் மொழிபெயர்க்கவில்லை.
கையெழுத்துப் போட்டேன்.
வெளியே வந்து பார்த்தால் அவர்களுடைய பேனா
என் சட்டைப் பையில்.
திருப்பிக் கொடுக்கப் போனால் உள்ளே விடவில்லை.

இப்போது வேறு ஜெனரேட்டர். சத்தமே வராத ரகம்.
ஓடுகிறதா, நின்றுவிட்டதா, தெரியாது.
இனி நிம்மதியாகத் தூங்கலாம் என்கிறது ஊர்.
நான் படுத்தபடி
அது இருக்கும் திசையில் ஒன்றும் கேட்காததை
விடியும்வரை கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

நேற்று செகதாம்பாளின் என்ஜினைச் சுற்றிவிட்டேன்.
மூன்று தரம் இருமிவிட்டுப் பிடித்துக்கொண்டது.
முட்டைப் பக்கம் திரும்பி,
எழுதிக்கொள்கிறவர்களுக்கு வசதியாக,
"நாசில்தான், வேறொன்றும் இல்லை" என்று
கொஞ்சம் உரக்கவே சொன்னேன்.

யார்கிட்ட பேசுற, என்றாள்.
குழாய் வாயில் அப்போதும்
காற்றுதான் வந்துகொண்டிருந்தது.