தமிழ் அளவு

இந்தியில் ‘ருக்!’ என்றால் முடிந்தது.
தமிழில் ‘நில்லடா, துரோகி!’ என்று
எழுதித் தொலைக்க வேண்டும்.
லோயர் பரேலில், அச்சகத்துக்கு மேல்மாடியில்
எனக்கும் ஹேமந்த் குடாள்கருக்கும்
முதல் சண்டை இதில்தான்.

‘உன் பாஷை என் கட்டடங்களைத் தின்கிறது’ என்பான்.
நியாயம்தான்.
ஒவ்வொரு ஜன்னலுக்கும் கம்பி வரைகிறவன்.
கருடாட்சன் பறந்து கடக்கும் ஒரு நொடிக்கு
கீழே தாதர் மார்க்கெட் முழுக்க விழித்திருக்கும்:
வெந்தயக்கீரைக் கட்டு, தராசு,
எடைக்கல்லைத் தேடும் கை,
செருப்பு அறுந்து குனிந்த ஒருத்தி.
அவள் தலைமேல்தான் நான்
பலூனை ஒட்டுவேன்.

பக்கத்துக்கு நூற்றிருபது ரூபாய்.
மாதம் அறுபத்து நான்கு பக்கம்.
நடுவிரல் ஓரத்தில்
கொட்டைப்பாக்கு போல ஒரு காய்ப்பு.
மதியம் அவன் டப்பா திறந்தால்
சோற்று வாசனைக்கு முன்னால்
அயோடெக்ஸ் வாசனை வரும்.

அன்சாரி போனது முப்பத்து நாலில்.
காமாலை என்றார்கள்.
பிபின் தாஸ் கடைசி வண்டியில், உட்கார்ந்தபடியே.
இறங்க வேண்டிய போரிவிலி தாண்டி
விரார் வரைக்கும்
தூங்குகிறான் என்றே நினைத்திருக்கிறார்கள்.
சுவரில் தொங்கிய அட்டவணையில்
இரண்டு பெயரையும் அடித்து
மேலே ஹேமந்த் என்று எழுதினார்கள்.
பக்கங்கள் அப்படியே இருந்தன.

அந்த மழைக்காலத்தில் கதையெல்லாம்
ராத்திரியில் நடக்கத் தொடங்கியது.
மார்க்கெட் இருந்த இடத்தில் புகை.
கூட்டம் இருந்த இடத்தில் நிழல்.
வில்லனின் கை எப்போதும் பாக்கெட்டுக்குள்.
சேலத்திலிருந்து ஒரு வாசகர் எழுதினார்:
‘ஓவியரின் புதிய இருண்ட பாணி அபாரம்!
இனி இப்படியே தொடரவும்.’
இந்தியில் சொன்னேன்.
ஹேமந்த் சிரித்தான்,
வலது கையை இடது கையால்
பிடித்துக்கொண்டு.

பிறகு ஒருநாள், யாரும் இல்லாதபோது:
‘எல்லாப் பதிப்புக்கும்
தமிழ் அளவிலேயே பலூன் போடேன்.’

போட்டேன்.
வேண்டாத வசனமெல்லாம் எழுதினேன்.
குத்து வாங்கிக்கொண்டே வில்லன்கள்
குடும்பக் கதை பேசினார்கள்.
‘ஆ!’ என்று விழ வேண்டியவன்
‘ஆ! ஏழு வருட உழைப்பு! எல்லாம் வீணாயிற்றே!’
என்று விழுந்தான்.
ஒரு வரி கூடினால் அவனுக்கு நாலு ஜன்னல் மிச்சம்.
நாலு ஜன்னலுக்கு எத்தனை கம்பி என்று
அதற்குள் எனக்கும் தெரிந்திருந்தது.

முப்பத்தொன்பது.
ஜோகேஸ்வரி அறையில், பலகைமேல் கன்னம் வைத்து.
எவ்வளவு துடைத்தும்
கன்னத்து மசி போகவில்லை என்றாள் வைஜயந்தி.

பதினைந்தாம் நாள் ஆபீசுக்கு வந்தாள்.
கணக்கர் பாட்டியா எச்சில் தொட்டு எண்ணினார்:
இருபத்திரண்டு பக்கம், சரி.
இருபத்துமூன்று பாதிதான் இருக்கிறது.
‘பாதிப் பக்கத்துக்கு ரேட் கிடையாதே, தாயி.’
‘அப்படியானால் அதை எனக்குக் கொடுத்துவிடுங்கள்.’
கொடுக்க முடியாது. அச்சுக்குப் போக வேண்டும்.

அவள் பணத்தை எண்ணிப் பார்க்கவில்லை.
பக்கத்தை ஜன்னலோரம் தூக்கிப் பிடித்து
நீலப் பென்சிலில் அவன் கிறுக்கியதைப் படித்தாள்:
‘இங்கே கூட்டம். நூறு பேர்.’
ஒருத்தியை மட்டும் வரைந்திருந்தான்.
குனிந்து
செருப்பு வாரைப் பிடித்தபடி.

மீதியை முடிக்க வந்தவன் தேஜஸ் மாத்ரே.
இருபத்திரண்டு வயது. வழுவழுப்பான விரல்கள்.
நூறு பேரையும் வரைந்துவிடுவேன் என்று
பென்சிலைச் சீவிக்கொண்டு உட்கார்ந்தான்.

கருடாட்சன் சொல்ல வேண்டியது
ஒரே சொல்: ‘வருகிறேன்.’
‘வருகிறேன், மக்களே! அஞ்ச வேண்டாம்!
சற்றே பொறுங்கள், இதோ வந்துகொண்டே இருக்கிறேன்!’
அவன் கேட்கவில்லை. நானாகவே போட்டேன்.
அறுபது பேர் மறைந்துபோனார்கள்.
என் கட்டடம் எங்கே என்று பையன் முறைத்தான்.

அவளை மட்டும் விட்டு
பலூனின் வாலை
வளைத்து ஒட்டினேன்.