வருஷத்துக்கு ரெண்டு

"ரெண்டு வட்டி" என்றார் தஸ்தகீர்.
மஞ்சக்குப்பத்தில் ஜெராக்ஸ் கடைக்கு மேலே
மூன்று நாற்காலி, ஒரு பீரோ,
அவ்வளவுதான் அந்த அறக்கட்டளை.

அம்மா உடனே விரல் மடித்தாள்.
நூற்றுக்கு மாசம் ரெண்டு,
ஆயிரத்துக்கு இருபது,
நாற்பதாயிரத்துக்கு எண்ணூறு.
முந்திரிக்கொட்டை உடைத்துக் கறுத்த விரல்கள்.
ரேஷன் கடை மெஷின் அவற்றை
அஞ்சலாட்சி என்று ஒத்துக்கொண்டதே இல்லை.
"எண்ணூறு. கட்டிடலாம்" என்றாள்.

"எண்ணூறுதாம்மா. ஆனா வருஷத்துக்கு."

மின்விசிறி மட்டும் சுற்றிக்கொண்டிருந்தது.
சந்தோஷம் வரவில்லை அம்மாவுக்கு,
சந்தேகம்தான் வந்தது.
படியிறங்கும்போது என் தோளைப் பிடித்துக்கொண்டு கேட்டாள்:
"அப்ப, வேற என்னத்தக் கேப்பாங்க?"

காடாம்புலியூரில் வட்டிக்குப் பெயர்கள் உண்டு.
பத்து வட்டி, நாள் வட்டி, மீட்டர் வட்டி,
காலையில் வாங்கி விளக்கு வைக்குமுன் கொடுக்கும் ரன் வட்டி.
வருஷத்துக்கு ரெண்டு என்பதற்கு
எங்கள் ஊரில் வார்த்தை இல்லை.

அவர்கள் கேட்டது இதுதான்:
மதிப்பெண் பட்டியல், கல்லூரிக் கட்டண ரசீது,
உறவில்லாத ஒருவரின் ஜாமீன் கையெழுத்து,
அவர் பெயரில் வீட்டு வரி ரசீது.

முதல் வீட்டில் மோர் கொடுத்தார்கள்.
அடுத்த வீட்டில், ஆடி போகட்டும் என்றார்கள்.
ஷெட் முதலாளிக்கு
அன்றைக்கென்று மூக்குக்கண்ணாடி அகப்படவில்லை.

சனிக்கிழமை சாயந்திரம் ராஜகுமாரி வந்தாள்,
டிவிஎஸ் எக்ஸெல்லை அணைக்காமல்,
வழக்கம்போல வாசலில் நின்றபடி.
எங்களுக்குப் பத்து வட்டிக்குக் கொடுத்தவள்.
பாயில் கிடந்த விண்ணப்பத்தை எடுத்து
நின்றுகொண்டே வரி வரியாகப் படித்தாள்.
"வருஷத்துக்கா?"
அம்மா தலையாட்டினாள்.
வண்டி கொஞ்ச நேரம் சும்மா உறுமியது.
"இப்படி ஒரு எடம் இருக்கறது தெரியாமப் போச்சே"
என்று யாரிடமோ சொல்வதுபோல் சொல்லிவிட்டு
பேனாவை உதறிக் கையெழுத்துப் போட்டாள்.
அழகான கையெழுத்து. நான் எதிர்பார்க்கவில்லை.
வரி ரசீது வண்டிப் பெட்டியிலேயே இருந்தது.
பிறகு கையை நீட்டினாள்:
"இந்த வாரத்துது?"
அம்மா கொடுத்தாள்.
எண்ணிப் பார்த்துத்தான் வாங்கிக்கொண்டாள்.

பி.பார்ம் முடித்துவிட்டேன்.
கோரிமேட்டில் மருந்துக்கடை, இரவு ஷிப்டு.
மாதம் ஐந்தாம் தேதி ஆயிரத்து ஐந்நூறு அனுப்புவேன்.
"வந்தது. 14" என்று பதில் வரும்.
அடுத்த மாதம் "வந்தது. 15."
வாழ்த்து கிடையாது, வணக்கம் கிடையாது.
எனக்கு அது பிடித்திருந்தது.

ஜூலையில் அம்மாவுக்கு டெங்கு.
ஐந்தாம் தேதி போனது, பத்தும் போனது.
போன் அடித்தால் கவிழ்த்து வைத்தேன்;
கடன்காரர்களோடு வளர்ந்த பழக்கம்.
அடித்ததெல்லாம் வேறு யாரோ.
பன்னிரண்டாம் நாள் தஸ்தகீரின் செய்தி வந்தது:
"ஆகஸ்டில் சேர்த்து அனுப்பினாலும் போதும்.
நெல்லிக்குப்பத்துப் பெண் ஒருத்தி வரிசையில் இருக்கிறாள்.
அவளிடம் தேதி சொல்ல வேண்டும், அதனால் கேட்கிறேன்."

அவள் பெயர் எனக்குத் தெரியாது.
என்ன படிக்கப் போகிறாள் என்றும் தெரியாது.
அந்த இரவு சளி மருந்து எடுத்துக் கொடுக்கும்போதெல்லாம்
கவுன்டருக்கு அந்தப் பக்கம்
கையில் ரசீதோடு அவள் நிற்பதாகவே இருந்தது.
காதிலிருந்ததைக் கழற்றினேன்,
அடகு வைத்தேன்; அதுவும் ஒரு வட்டிதான்.
ஆனால் அனுப்பிவிட்டேன்.
"வந்தது. 22."

போன வாரம் ராஜகுமாரி கூப்பிட்டாள்.
சின்னவனுக்குக் கடலூரில் பாலிடெக்னிக் சீட்டாம்.
அதே மாடி, அதே விண்ணப்பம்.
உறவில்லாத ஆளாக வேண்டுமாம்.
"நீதான் இப்ப சம்பளக்காரியாச்சே" என்றவளின் குரலில்
எக்ஸெல் சத்தம் இல்லை.

அம்மாவிடம் சொன்னேன்.
விரல்களுக்கு விளக்கெண்ணெய் தடவிக்கொண்டிருந்தாள்.
"போட்டுக் குடு" என்றாள்.
தடவி முடித்து, துணியில் துடைத்து,
ஒரு விரலை மட்டும் வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்துவிட்டு:

"சனிக்கிழம சாயந்திரமாப் போ.
வாசல்லயே நில்லு.
நின்னுக்கிட்டே, முழுசாப் படி."