சீனன்குடா, தண்டவாளத்து நடுவில்

சல்லிக்கல்லுக்குள் இருந்து
முழங்காலுக்கும் கீழே ஒரு பூ.
ஸ்டேஷனில் முத்திரை ஒற்றும் மைப்பெட்டியின்
அதே ஊதா.

காவிளாய் என்றேன்.
கொழுஞ்சி என்றார் கிண்ணியா ஜௌபர்.
பிலா என்றார் இன்ஸ்பெக்டர் விஜேரத்ன;
எனக்குப் பலாச்சுளை மணத்தது.

வெள்ளிக்கு முன் துப்புரவாக்க வேண்டும்.
யாரோ பெரியவர்
தனிப்பெட்டியில் வருகிறாராம்.
இன்னும் நாலைந்து மைல்தான்,
அதற்கப்பால் ரயிலுக்குப் பாதை இல்லை,
கடல்.

ஆடு கடித்துப் பார்த்துத் துப்பியது.
மாடு மணந்துவிட்டுப் போனது.
எங்களுக்குத்தான் சம்பளம்.

இழுத்தால் தண்டு கையோடு வருகிறது,
வேர் வரமாட்டேன் என்கிறது.
அலவாங்கு போட்டு நெம்பியதில்
ஒன்றே ஒன்று முழுசாக வந்தது
என் கையைவிட நீளம்;
மயிர்வேரெல்லாம் சவ்வரிசிபோலச்
சின்னச் சின்ன உருண்டை.
"சோறு கட்டிக்கொண்டெல்லோ வந்திருக்கு"
என்றார் ஜௌபர்.
நாங்களும் பார்சலைப் பிரித்தோம்.

உச்சி வெயிலில்
காய்ந்த காய்கள் முறுகி வெடித்தன.
டிக்.
இரும்பில் பட்டுத் தெறிக்கிற விதை.
பிறகு இன்னொரு டிக்.
பிடுங்கிக்கொண்டே போன எங்கள்
முதுகுக்குப் பின்னால்
விதைப்பு நடந்துகொண்டிருந்தது.

இன்ஸ்பெக்டருக்கும் கேட்டிருக்கும்.
குடையை மற்றத் தோளுக்கு மாற்றினார்,
தண்டவாளத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார்,
'வேலை முடிந்தது' என்று எழுதி
ஒப்பமிட்டார்.

மாரிக்கு இன்னும் இரண்டு மாதம் கிடக்கிறது.