எண்பத்தொன்பது புள்ளி மூன்று

கையெழுத்து வெள்ளிக்கிழமை.
முதலாளி பேனாவைத் தொட்டதும் பழக்கதோஷம்,
ஒப்பந்தத்தின் தலையில் ஒரு உ போட்டுவிட்டார்.
இது என்ன எண் என்று கேட்டார்
கோயம்புத்தூர்க்காரர்களின் வக்கீல்.

சொத்துப் பட்டியல் மூன்று பக்கம்.
கல்லுக்கட்டியில் பாத்திரக்கடை மாடி, இரண்டு அறை.
மைக் மூன்று, அதில் ஒன்று இருமும்.
கோபுரம் ஒன்று, உச்சி விளக்கு எரியாது.
சந்தியாகு என்கிற பொறியாளர், ஆறு மாதத்துக்கு மட்டும்.
நேயர்களை ‘நன்மதிப்பு’ என்ற வரிக்குள்
போட்டிருந்தார்கள்.
எதிரே
ஒரு ரூபாய்.

நான் எந்தப் பக்கத்திலும் இல்லை.
பதினொரு வருடம், இரவு ஒன்பது முதல் பன்னிரண்டு,
என் தொண்டை அந்த அறையில்தான் குடியிருந்தது.

இனிமேல் பேச்சு கிடையாதாம்.
பாட்டு, விளம்பரம், பாட்டு, பாட்டு,
நடுவில் எங்கிருந்தோ ஒரு பெண் சிரிப்பாள்.
ஒன்பது ஊருக்கும் அதே சிரிப்பு.
ஊர்ப்பெயரை மட்டும் தனியே பதிந்து ஒட்டிக்கொள்வார்கள்.
அதற்காக என்னை
‘காரைக்குடி’ என்று ஏழு விதமாகச் சொல்லச் சொன்னார்கள்.
உற்சாகமாக. தூக்கக் கலக்கமாக. தீபாவளிக்கு.
மழைக்கு என்று ஒன்று,
ஜன்னலோரம் நிற்கிற மாதிரி.
சொன்னேன்.
ஏழுக்கும் சேர்த்து எழுநூறு ரூபாய்,
ரசீதில் ரெவின்யூ ஸ்டாம்ப் ஒட்டி.

அந்த வாரமே பெயிண்டர் கிளம்பிவிட்டான்.
தேவகோட்டை ரஸ்தாச் சுவரில்
பழைய எண் காயாத வெள்ளைக்கு அடியில் பல்லைக் காட்ட
அதன்மேல் நூற்றொன்று புள்ளி ஏழு.
தூரத்திலிருந்து பார்த்தால் அது
எந்த ரேடியோவிலும் அகப்படாத
மூன்றாவது ஒரு எண்.

‘ஞாயிறு நள்ளிரவு முதல் நாம் இடம் மாறுகிறோம்’
என்று தினம் பதினாறு தடவை படித்தேன்.
நாம் என்ற சொல்லில் மட்டும் நாக்கு இடறும்.

சனி இரவு அடைக்கலம் கூப்பிட்டார்.
புதுவயல் அரிசி ஆலைக் காவல்.
பாட்டு கேட்டுக் கூப்பிடுகிற ஆள் இல்லை,
பத்து வருடத்தில் ஒரு பாட்டும் கேட்டதில்லை.
‘நம்ம பெட்டில முள்ளு நகராதுத்தா.
லோடுமேன் பயலுக திருப்பிக்கிட்டே கெடந்தானுகன்னு
எம்சீல் வச்சுப் பூசிட்டேன்.’
வேற வாங்கிக்கங்களேன், என்றேன்.
‘அது கெடக்கு. நீ முடிக்கறப்பதான்
நான் ரெண்டாம் சுத்துக்கு எந்திரிக்கிறது.
இனிமே மணியில்ல பாக்கணும்?’

அவ்வளவுதான்.
பதினொரு வருடமாக
என் நல்லிரவு வணக்கம் ஒருவருக்கு
டார்ச்சைத் தேடுகிற நேரம்.

ஞாயிறு.
பதினொன்று ஐம்பத்தெட்டுக்குப் பதிவுசெய்த விடைபெறல் ஓட வேண்டும்.
கோயம்புத்தூர் எழுதிக்கொடுத்தது, பின்னால் வயலின்.
சந்தியாகு என்னைப் பார்த்தார்.
நான் இருமுகிற மைக்கை இழுத்தேன்.
வயலின் அப்படியே பெட்டிக்குள் கிடந்தது.

‘நேரம் பன்னிரண்டு.
புதுவயல் ஆலையில் இரண்டாம் சுற்று.
கிழக்கு கேட்டில் பூட்டை இழுத்துப் பார்க்கவும்.’

சுவிட்ச்.
சோறு வடித்த சட்டி மாதிரி
அறை கொஞ்ச நேரம் சூடாகவே இருந்தது.

அடைக்கலம் இன்னும் பெட்டியை மாற்றவில்லை.
அந்த இரைச்சலுக்குப் பெருச்சாளி
மூட்டைப் பக்கம் வருவதில்லையாம்.

எனக்கு இப்போது பாத்திரக்கடையிலேயே கணக்கு,
அதே கட்டடம், கீழ்த்தளம்.
நேற்று, சித்திரை, பகல் இரண்டு மணி,
தார் உருகுகிறது.
எதிர்த்த டீக்கடைப் பெட்டியில் ஒன்பது ஊர்ச் சிரிப்பு முடிய,
எந்தக் கம்ப்யூட்டருக்கு என்ன தோன்றியதோ,
ஜன்னலோரம் நின்று நான் சொல்கிறேன்:
காரைக்குடி.

டீ ஆற்றிக்கொண்டிருந்தவர் கையை நிறுத்தி
கூரைக்கு வெளியே தலையை நீட்டி
வானத்தைப் பார்த்தார்.