இரண்டு இழுப்பு

கெயோன் துறையில் கப்பல் கிளம்பும்போது
இரவு மணி பதினொன்று.
மெலிங்கா போய்ச் சேர விடிந்துவிடும்.
என் காலடியில், சாக்கில் சுற்றிய மரமறுக்கும் ரம்பம்.
நொல்பெர்த்தோவுடையது.
ஒரு வாரத்தில் தருகிறேன் என்று வாங்கி
இரண்டு குளிர்காலத்து விறகை அதில்தான் அறுத்தேன்.
அந்தக் கோபத்தில் மூன்று வாரம் அவன் என்னோடு பேசவில்லை.
பேசாமலேயே
ஒவ்வொரு காலையும் தன் மூச்சை என் கையில் கொடுத்துவிட்டு
நீருக்குள் இறங்கினான்.

வேலை அப்படி.
படகில் ஒரு கம்ப்ரெசர்,
பழைய பீர் பீப்பாயில் அடைத்த காற்று,
அதிலிருந்து ஒரு மஞ்சள் குழாய்,
குழாயின் அந்த முனையில் அவன் பற்கள்.
பதினைந்து பாகம் ஆழத்தில்
பாறையிலிருந்து கடல்முள்ளிகளைச் சுரண்டிக் கூடையில் போடுவான்.
இந்த முனையில் நான்.
ஒரு இழுப்பு என்றால் சௌக்கியம்.
இரண்டு என்றால் தூக்கு.
அந்த மூன்று வாரமும் எங்கள் பாஷை அவ்வளவுதான்.
சண்டைக்காரர்களுக்கு அதுவே தாராளம்.

ஆகஸ்டில் ஒரு செவ்வாய்.
குழாயை மணிக்கட்டில் சுற்றிக்கொண்டு சிகரெட் பற்றவைத்தேன்.
காற்றில் குச்சி அணைந்தது.
இன்னொன்றை உரசும்போது கை அசைந்தது.
ஒன்று என்றுதான் எண்ணினேன்.
ஒரு இழுப்பு புகையை உள்ளே வாங்கினேன்.

இரண்டாக இருந்திருக்கலாம்.

விசாரணையில் கம்ப்ரெசர் என்றார்கள்.
தேய்ந்த வளையம், எண்ணெய்ப் புகை கலந்த காற்று.
முதலாளி அபெலினோ பார்ரியா அபராதம் கட்டினார்.
நானும் கம்ப்ரெசர் என்றேன்.
எல்லோரையும்விட உரக்கச் சொன்னேன்.
செத்தாலும் அந்த ஆள் முகத்தில் விழிப்பதில்லை என்று
தேவாலய வாசலில் நின்று காறித் துப்பினேன்.

கோர்கோவாதோ வளைகுடாவில் தீவுகளின் மறைவு தீர்ந்ததும்
மேற்கிலிருந்து பெருங்கடல் உள்ளே வந்தது.
கீழ்த்தளத்தில் லாரிகள் சங்கிலியை முறுக்கின.
எதிர் இருக்கைப் பெண்ணின் பெட்டியில்
கோழிக்குஞ்சுகள் மொத்தமாக வாயடைத்துப் போயின.
அப்போதுதான் பார்த்தேன்,
படிக்கட்டடியில் வாளியைக் கட்டிக்கொண்டு ஒருவர்.

ஏழு படகுக்குச் சொந்தக்காரர்.
கடல் ஒத்துக்கொள்ளாது.
துறைமுகமே சொல்லிச் சிரிக்கும் கதை.

நன்றாக வேண்டும் என்று நினைத்தேன்.
அந்த இனிப்பு நாக்கில் ஊறும்வரை
அவசரப்படாமல் பார்த்துக்கொண்டும் இருந்தேன்.

பிறகு வாளி உருண்டது.
பிடிக்க ஏதுமில்லாமல் அவர் தரையில் துழாவினார்.
எழுந்து போனதாக நினைவில்லை.
என் உள்ளங்கை அவர் நெற்றியைத் தாங்கியிருந்தது.
ஈரமாய், குளிர்ந்து,
அன்று படகின் விளிம்பில் நான் பிடித்த
இன்னொரு நெற்றியின் அதே குளிர்ச்சி.

குடலே வெளியே வந்துவிடும்போல ஓங்கரித்தார்.
நடுவே, யாரென்று பார்க்காமலே கேட்டார்:
"மெலிங்காவில் ஒரு அக்கா இருக்கிறாள். எர்மிந்தா.
எனக்குக் கதவைத் திறப்பாளா?"
தெரியாது என்றேன்.
எனக்கே திறப்பாளா என்று தெரியாது
என்பதைச் சொல்லவில்லை.

குரல் பிடிபட்டிருக்க வேண்டும்.
நிமிர்ந்தார். பார்த்தார்.
கண்ணை மூடிக்கொண்டு
என் சட்டைக் கையைப் பற்றி
இழுத்தார்.
மறுபடி இழுத்தார்.

கப்பல் ஆடியதாலும் இருக்கலாம்.
நான் எண்ணிக்கொண்டிருக்கவில்லை.
தூக்கினேன்.

மேல்தளத்தில் நல்ல காற்று, எண்ணெய் நெடி இல்லாதது.
கிராதியைப் பிடித்துக்கொண்டு
அவர் அதை வாய் திறந்து குடித்தார்.
நாங்கள் ஒன்றும் பேசிக்கொள்ளவில்லை.
ரம்பத்தைக் கீழேயே விட்டுவிட்டேன்,
வாளி உருண்ட பக்கம்தான்,
சாக்கு நனைந்திருக்கும்.
மெலிங்கா விளக்கு இன்னும் தெரியவில்லை.