முப்பத்தெட்டு கிலோமீட்டர்

முன்கண்ணாடியின் உட்புறம் ஒரு மஞ்சள் சீட்டு.
எஸ்பனின் கையெழுத்து, அவசரமாக:
"ஹேண்ட்பிரேக் போடாதே. கியரில் விடு.
சக்கரத்துக்குக் கட்டை வை."
ஏழு மாதமாய் அது அங்கேயே இருக்கிறது.
நான்தான் அந்தப் பக்கம் போகவில்லை.

தீபோரனில் மே மாதக் காற்றிலும் உப்பு.
கொட்டகைத் தகரம் கிறீச்சிட, போர்வையை இழுத்தேன்.
நீல மியாட்டா.
வைப்பரின் இடுக்கில் ஓர் எலி
இருக்கையிலிருந்து பிய்த்த பஞ்சை வைத்திருந்தது.
பாட்டரி பரவாயில்லை. எஞ்சின் இரண்டு தும்மல், பிறகு ஒரே சீர்.
ஹேண்ட்பிரேக்கை இறக்கினேன்.
நெம்பி இறங்கியது, கார் நகரவில்லை.

ரிவர்ஸ். கிளட்சை மெல்ல விட,
பின்பாகம் நிமிர்ந்தது, அப்படியே குந்தியது.
முதல் கியர். மறுபடி ரிவர்ஸ்.
டம் என்று ஏதோ உடைகிற ஓசை,
இடது சக்கரம் விட்டுவிட்டது.
வலது? உடும்புப்பிடி.
சிமெண்டுத் தரையில் இரண்டடிக் கறுப்புக் கோடு,
ரப்பர் நாற்றம்,
எஸ்பன் வர இன்னும் இரண்டு நாள்.

பால் டேங்கர் ஓட்டும் டிட்டெ
காலைச் சுற்று முடிந்து ரப்பர் பூட்ஸோடே வந்தாள்.
வாயில் உப்பு லைகோரைஸ்.
ஜாக்கி, ஸ்டாண்டு. சக்கரத்தைக் கழற்றினோம்.
டிஸ்க் முழுக்க ஆரஞ்சு நிறத் தூள்,
காலிப்பர் அதைக் கவ்விக்கொண்டு கிடந்தது.
"முகத்தில் அடிக்காதே, நடுக்குமிழில் அடி,
ரப்பர் சுத்தியல்தான், கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பி."
அடித்தேன். திருப்பினேன். அடித்தேன்.
அவள் டார்ச்சைப் பிடித்தபடி கேட்டாள்:
"யார் போட்டது ஹேண்ட்பிரேக்கை?"
"நான்."
"ஈரத்தோடயா?"
"கழுவிட்டு."
"ஏன் கழுவினே?"
அதற்குள் டிஸ்க் நகர்ந்துவிட்டது,
பழைய கதவுத் தாழ் கழன்றாற்போல.

ஏன் கழுவினேன்.
அக்டோபரில் அவன் கிரீன்லாந்துக்குப் போன மூன்றாம் நாள்,
துறைமுக அலுவலகத்தில் ரசீது கிழித்து முடித்து
சாவியை எடுத்துக்கொண்டு கிளம்பினேன்.
போவ்பியர்க் கலங்கரை விளக்கம் வரை,
கூரையைத் திறந்துவைத்து, மழையில்.
யாரையும் பார்க்கப் போகவில்லை.
அதைத்தான் யாரிடமும் சொல்ல முடியவில்லை.
காதலன் ஒருவன் இருந்திருந்தால்
சுலபமான கதை.
நாற்பத்தொரு வயதில் ஒருத்தி
தொப்பலாய் நனைந்து, குன்றின் விளிம்பில்
எஞ்சினை அணைக்காமல் அரைமணி நேரம் உட்கார்ந்திருந்தாள்,
அவ்வளவுதான்.
திரும்பி வந்து சேற்றைக் கழுவி,
இருக்கையைத் துடைத்து, கட்டையையும் வைத்து,
எல்லாம் சரியாகச் செய்துவிட்ட திருப்தியில்
கை தானாக நெம்பியைத் தூக்கியிருக்கிறது.
மூன்று கிளிக்.

சக்கரத்தை மாட்டுமுன் டிட்டெ டார்ச்சைச் சாய்த்துக் காட்டினாள்:
பளபளத்த வட்டத்தில் ஓரிடத்தில் மட்டும்
பிரேக் பேடின் அச்சு,
ஓரம் பிசகாத கறுப்பு முத்திரை.
"ஓட்டினா தேயும்," என்றாள்.
"எவ்வளவு ஓட்டினா?"
"அது அதைத்தான் கேட்கணும்."
வெள்ளி இரவு கடற்கரைச் சாலையில் போய்ப் போய் வந்தேன்,
மிதித்தேன், விட்டேன், மிதித்தேன்.
அச்சு மங்கியது, போகவில்லை.
ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு முறை
பாதத்தின் அடியில் தட்டியது.
தப். தப். தப்.

சனிக்கிழமை எஸ்பன் பையைக்கூடப் பிரிக்காமல்
சாவியைக் கேட்டான். பக்கத்தில் நான்.
மீன் ஏலக்கூடம் தாண்டி முதல் வளைவில்
பிரேக்கில் கால் வைத்தான்.
தப். தப்.
என்னைப் பார்க்கவில்லை.
கொஞ்ச தூரம் போனபின்,
"எவ்வளவு?" என்றான்.
"முப்பத்தெட்டு."
நேற்றையதைச் சேர்க்கவில்லை.
"மழையா?"
"ஆமா."
"கூரை?"
"திறந்துதான்."

சாலை நேராகக் கிடந்தது,
எதிரே ஒரு வண்டிகூட இல்லை.
அவன் வேகத்தைக் கூட்டினான்,
பிறகு, நிறுத்த வேண்டிய எதுவும் இல்லாத இடத்தில்,
இன்னொரு முறை
மெதுவாக மிதித்தான்.